14,000 கி.மீ. பறக்கும் விமானம் 13,000 கி.மீ. பாதைக்குப் போதாதா?

வணக்கம். 13,000 கி.மீ. பாதை ஒன்றுக்கு, ஏறத்தாழ 14,000 கி.மீ. பறக்கவல்ல போயிங் 787-9 விமானத்தை எல்லா இருக்கைகளும் நிரம்பச் சரக்குடன் இயக்கலாம் என்று நீங்கள் எழுதிய திட்டத்தை ஆசிரியர் திருப்பியனுப்பியது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். ஆசிரியர் செய்தது சரியே.

தயாரிப்பாளர் தரும் அந்தத் தூரம், சரக்கில்லாமல், காற்று வீசாத வானத்தில் கணக்கிடப்படுவது. மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் பறக்கும் விமானத்தைச் சராசரியாக 80 கி.மீ. எதிர்க்காற்று தடுத்தால், தரையில் கடக்கும் தூரத்தை வைத்து அளக்கும் வேகம் 820 கி.மீ. ஆகக் குறைந்து, உங்கள் 13,000 கி.மீ. பாதை ஏறத்தாழ 14,270 கி.மீ. பறப்பதற்குச் சமமாகிவிடும். அதற்கான எரிபொருளை நிரப்பினால், 254 டன் என்ற உச்ச எடை வரம்புக்குள் நிற்பதற்காகப் பயணிகளையோ சரக்கையோ குறைத்தாக வேண்டும். பல நெடும்பாதைகள் பறக்க முடியாததால் அன்றி, இப்படிக் குறைத்தபின் வருவாய் போதாததால்தான் கைவிடப்படுகின்றன.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸைப் பாருங்கள். நியூயார்க் பகுதிக்கு நான்கு எஞ்சின் கொண்ட ஏ340-500 விமானத்தில் நடத்திய சேவையை 2013-இல் நிறுத்திய அந்நிறுவனம், 2018-இல் இரண்டே எஞ்சின் கொண்ட ஏ350-900யூஎல்ஆர் விமானத்துடன், 161 இருக்கைகள் மட்டும் வைத்து, சாதாரண வகுப்பே இல்லாமல் மீண்டும் தொடங்கியது.

ஆகவே, எதிர்க்காற்று மிக வலுவாக இருக்கும் குளிர்கால, மேற்கு நோக்கிய பயணத்தை முதலில் கணக்கிட்டு, இருக்கை எண்ணிக்கையை அதன்பின் முடிவு செய்யுங்கள்.