கருத்தான பிள்ளையும் டிலிஜென்ஸும்

அம்மாப்பேட்டை வாசகி: ஆங்கிலச் சொல்லான 'டிலிஜென்ஸ்' (diligence) என்பதற்குத் தமிழில் என் மகள் 'விடாமுயற்சி' என்று எழுதினாள். சரிதானே?

முழுத் தப்பில்லை. ஆனால் விடாமுயற்சி என்றாலே நடுவில் ஒரு தடையோ தோல்வியோ நினைவுக்கு வரும். மூன்று தடவை தேர்வில் தவறி நாலாவது தடவையும் எழுதுகிறவரிடம் இருப்பது அது. டிலிஜென்ஸுக்குத் தோல்வி தேவையில்லை.

ஏற்காட்டில் காப்பி பறிப்பதைப் பாருங்கள். ஒரே கொத்தில் பச்சைக் காயும் சிவந்த பழமும் கலந்து நிற்கும். மொத்தமாக உருவிவிட்டால் பை சீக்கிரம் நிறையும். கிலோ கணக்கில் கூலி என்றால் கை தானாகவே உருவப் போகும். ஆனால் காய் கலந்தால் காப்பியின் ருசி போச்சு. கருத்தானவர் சிவந்ததை மட்டும் கிள்ளுவார். மிச்சம் பழுத்ததும் அதே செடிக்குத் திரும்ப வருவார், மேஸ்திரி பார்த்தாலும் பார்க்காவிட்டாலும். அந்தக் குணம்தான் டிலிஜென்ஸ். உழைப்பு பாதி, கவனம் பாதி. லத்தீனில் அதன் வேர்ச்சொல்லுக்கு 'விரும்பு, மதி' என்று பொருள்.

'கருத்தான புள்ள' என்கிறோமே, அதுதான் என் முதல் தேர்வு. தேர்வுத்தாளில் பேச்சு வழக்காகத் தெரியும் என்று பயந்தால் 'சிரத்தை' என்று எழுதச் சொல்லுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை வாசகர்: சிரத்தை தமிழ்ச் சொல்லா?

வடசொல். மூலத்தில் நம்பிக்கை என்று பொருள். திவசத்தைக் குறிக்கும் சிராத்தமும் அதே வேரிலிருந்து வந்ததுதான். தமிழுக்கு வந்தபின் அக்கறை என்ற பக்கம் சாய்ந்துவிட்டது. தனித்தமிழ் வேண்டுமென்றால் 'ஆள்வினை' இருக்கிறது. குறளில் 61-ஆவது அதிகாரம் மடியின்மை, 62-ஆவது ஆள்வினையுடைமை. சோம்பலை விரட்டிவிட்டுத்தான் வள்ளுவர் முயற்சிக்கு வருகிறார். ஆனால் வேலை விண்ணப்பத்தில் 'ஆள்வினை உடையவன்' என்று எழுதிவிடாதீர்கள், மேலாளர் மிரண்டுபோவார்.

ஏற்காடு வாசகர்: நிலம் வாங்கும் ஆவணத்தில் 'டியூ டிலிஜென்ஸ்' என்பதை 'உரிய விடாமுயற்சி' என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். புரியவில்லை.

யாருக்கும் புரியாது. நானும் ஒருகாலத்தில் அப்படி எழுதிக் கொடுத்து, வக்கீல் ஒருவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன்தான். பணம் கொடுக்குமுன் தீர விசாரிப்பது என்பதே அதன் பொருள். மூலப்பத்திரத்தைப் படிப்பது, வில்லங்கம் போட்டுப் பார்ப்பது, பட்டா யார் பெயரில் என்று கேட்பது, வாரிசுகள் யாராவது விடுபட்டிருக்கிறார்களா என்று துருவுவது எல்லாம் இதில் அடக்கம். அமெரிக்காவில் 1933-இல் வந்த பங்குப்பத்திரச் சட்டத்துக்குப் பிறகு வணிக உலகில் இந்தத் தொடர் பரவியது. நியாயமான அளவு விசாரித்தேன் என்று காட்டினால், பத்திர வெளியீட்டில் பிறர் செய்த தவறுக்குப் பொறுப்பேற்காமல் தப்ப அதில் வழி உண்டு. 'உரிய விசாரணை' என்று மாற்றச் சொல்லுங்கள், போதும்.

அழகாபுரம் வாசகி: பழைய பிரெஞ்சுக் கதையொன்றில் 'டிலிஜென்ஸில் ஏறினான்' என்று வருகிறதே?

அது குதிரை வண்டி. ஊர்விட்டு ஊர் ஆளேற்றிப் போன பெரிய வண்டிக்கு அங்கே அதுதான் பெயர். பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு விரைவு என்ற பொருளும் உண்டு. நாம் 'எக்ஸ்பிரஸில் போனேன்' என்கிற மாதிரி. 'சிரத்தையில் ஏறினான்' என்று மொழிபெயர்க்காமல் விட்டார்களே!