மதுரை அரண்மனைப் படத்தில் முகலாய வளைவுகளா?

கேள்வி: ‘மதுரை அரண்மனை, தாமஸ் டேனியல், 1798’ என்ற குறிப்புடன் ஒரு பழைய படத்தின் நகல் எங்கள் வீட்டில் இருக்கிறது. மிக உயர்ந்த தூண்களும் இதழிதழான வளைவுகளும் முகலாயர் கட்டடத்தை நினைவூட்டுகின்றன. இது திருமலை நாயக்கர் மகால்தானா? படத்தை எவ்வளவு நம்பலாம்?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: மகால்தான். வளைவைச் சற்று மறந்துவிட்டுத் தூணின் தலைப்பகுதியைப் பாருங்கள். கோயில் மண்டபத்தில் அந்த இடத்தில் போதிகை, அதாவது உத்திரத்தைத் தாங்கும் கல், நீட்டிக்கொண்டிருக்கும். அதன்மேல் கல் உத்திரம் படுத்திருக்கும். உங்கள் படத்திலோ தூணுக்குத் தூண் வளைவு தாவுகிறது. கல் உத்திரத்துக்கு எட்டாத அகலத்தைச் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வளைந்து கடக்கின்றன.

இந்த உத்தி தக்காணத்துச் சுல்தான்களின் கட்டடங்களிலிருந்து விஜயநகர அரண்மனைகளுக்கு வந்தது. ஹம்பியின் தாமரை மகாலில் இதே இதழ் வளைவுகளைக் காணலாம். விஜயநகரத்தின் பிரதிநிதிகளாக வந்து தனியரசரான நாயக்கர்கள் அந்த அரண்மனை மரபையும் கையோடு கொண்டுவந்தார்கள். திருமலை நாயக்கர் (1623-1659) மீனாட்சி கோயிலுக்கு எதிரே புதுமண்டபத்தைப் போதிகையும் உத்திரமுமாகக் கல்லில் எழுப்பினார். தாம் கொலுவிருக்கும் மகாலுக்கு வளைவைத் தேர்ந்தார். ஆகவே வளைவைக் கண்டதும் முகலாயர் என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. போதாக்குறைக்கு, மகாலின் வளைவுகளுக்கு மேலே நம்மூர்ச் சுதை யாளிகள் உட்கார்ந்திருக்கின்றன.

நம்பகத்தைப் பற்றி: ஆங்கில ஓவியர் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் 1792-இல் மதுரைக்கு வந்தார்கள். லென்ஸ் வழியாகக் காட்சியைத் தாளில் விழச்செய்யும் கருவியை அவர்கள் பயன்படுத்தியதால், தூண்களின் வரிசையையும் வளைவுகளின் வடிவத்தையும் பெரும்பாலும் நம்பலாம். ஆனால் படத்திலுள்ள மனிதரை அளவுகோலாக வைத்து உயரத்தைக் கணக்கிட்டுவிடாதீர்கள். கட்டடம் பிரம்மாண்டமாகத் தெரிவதற்காக மனிதரைச் சிறிதாக்குவது அக்கால ஓவியர்களுக்குக் கைவந்த வழக்கம். டேனியல்களின் படங்கள் லண்டனில் தொகுதிகளாக விற்கப்பட்டவை. வாங்கியவர்களுக்கு இடிபாடுகள்மேல் தனிப் பிரியம் இருந்தது. அதனால் சுவரில் முளைத்த செடி ஏதும் தெரிந்தால் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

இடிபாடு முழுக்கக் கற்பனை என்றும் சொல்வதற்கில்லை. திருமலையின் பேரன் சொக்கநாதர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது மகாலின் பகுதிகளைப் பெயர்த்துக்கொண்டு போனதாகச் சொல்வார்கள். எஞ்சியதை நேப்பியர் பிரபு, தாம் சென்னை மாகாண ஆளுநராயிருந்த 1866-1872 காலத்தில், பழுதுபார்க்கச் செய்தார். நாம் இன்று பார்ப்பது அந்தப் பழுதுபார்ப்புக்குப் பிந்திய மகால். உங்கள் நகல் அதற்கு முந்தியது. அடுத்த முறை மதுரைக்குப் போகும்போது அதைக் கையோடு எடுத்துச்சென்று, முற்றத்தில் நின்று, ஒவ்வொரு வளைவாக ஒப்பிட்டுப் பாருங்கள்.