திமிங்கில வாலும் நெருங்கிய கோடுகளும்: ஒரு மாநாட்டு இலச்சினை பற்றிய கேள்வி பதில்

திருகோணமலையில் நடக்கவிருக்கும் கடலியல் மாநாட்டுக்கு நான் வரைந்த வட்ட வடிவ இலச்சினையில் மூன்று விடயங்கள் உண்டு: இடப்பக்கம் செங்குத்தாகக் கடலில் இறங்கும் பாறை, நடுவில் நீலத்திமிங்கிலத்தின் வால், அதன் கீழே வளைந்தோடும் கோடுகள். பலரும் கேட்டதால் பதில்களை இங்கேயே தருகிறேன்.

மூதூர் வாசகர்: வாலின் ஓரம் ஏன் இவ்வளவு வெறுமை? மற்றப் படங்களில் பல்லுப் பல்லாக இருக்குமே?

அது கூன்முதுகுத் திமிங்கிலத்தின் வால். நீலத்திமிங்கிலத்துக்கு அகன்ற முக்கோண வால். பின்னோரம் வழவழப்பாக, நடுவில் சிறு வெட்டோடு இருக்கும். இலச்சினையைப் பார்க்கப்போகிறவர்கள் திமிங்கில ஆய்வாளர்கள். அவர்கள் முன்னால் வேறு இனத்தின் வாலை வைக்கலாமா?

உப்புவெளி மாணவி: கீழே இருப்பவை அலைகளா அண்ணா?

இல்லைத் தங்கச்சி, சம ஆழக் கோடுகள். ஒரே ஆழமுள்ள இடங்களை இணைத்து வரைபடத்தில் போடுவார்களே, அவைதான். கோடுகள் நெருங்கினால் அடித்தளம் சடுதியாகச் சரிகிறது என்று அர்த்தம். திருகோணமலையின் கொட்டியாரக் குடாவிலிருந்து பெரிய கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று ஆழ்கடலுக்கு ஓடுகிறது. ஆழம் ஆயிரம் மீற்றரையும் தாண்டும். ஆழ்கடல் கரைக்கு இவ்வளவு கிட்ட இருப்பதால்தான் திமிங்கிலங்களும் கிட்ட வருகின்றன. எனவே வாலையும் கோடுகளையும் பிரிக்கவே முடியாது. இந்த இலச்சினையின் உயிர் அந்தச் சேர்க்கையில்தான் இருக்கிறது.

திருகோணமலை நகர வாசகர்: கோணேசர் கோயில் கோபுரம் இல்லாத திருமலையா?

கோயில் நிற்கும் பாறையை வரைந்திருக்கிறேன் ஐயா. கோபுரத்தைப் பெயர் அட்டை அளவுக்குச் சுருக்கினால் சிற்பமெல்லாம் ஒரு கறையாகிவிடும். கோயிலை அப்படிக் காட்ட எனக்கு மனமில்லை.

நிலாவெளி வாசகர்: புறாமலைத் தீவின் முருகைக்கல்லை (பவளப்பாறையை) சேர்த்திருக்கலாமே?

அழகுதான். ஆனால் நான்காவது உருவம் வந்தால் கண் எங்கே நிற்பது?

வளாக மாணவர்: டி.என்.ஏ ஏணி ஒன்றைச் சேர்த்தால் அறிவியல் என்று சட்டெனத் தெரியுமே?

எந்த மாநாட்டுக்கும் ஒட்டிவிடக்கூடிய உருவம் அது தம்பி. வேறெங்காவது வரைந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: வழமையான டி.என்.ஏ வலப்புறச் சுருள். நிமிர்த்தி வைத்தால், முன்பக்கம் தெரியும் இழை கீழே இடப்பக்கத்திலிருந்து மேலே வலப்பக்கமாக ஏற வேண்டும். எத்தனையோ இலச்சினைகளில் இது இடம் வலம் மாறிக் கிடக்கிறது!

கிண்ணியா ஆசிரியை: ஒரே நீலம் போதுமா?

போதும். இறப்பர் முத்திரையில் எப்படியும் ஒரு நிறம்தானே.

கந்தளாய் வாசகர்: மூன்று மொழிப் பெயரும் வட்டத்துக்குள் வருமா?

வராது. தமிழ், சிங்கள எழுத்துகளின் சுழிகள் சிறிய அளவில் அடைத்துப்போகும். அதனால் பெயர்களை வட்டத்துக்கு வெளியே, மூன்று வரிகளாக, ஒரே உயரத்தில் வைத்திருக்கிறேன்.