தொப்பி தச்ச அம்மாவோட கணக்கு

கேள்வி: அமெரிக்காவுல பொருளாதாரம் படிச்சவங்களை யுனிவர்சிட்டி பிரசிடென்ட்டா உக்கார வைக்கிறாங்களே, ரூபா பைசா கணக்குப் பாக்குற ஆளுக்குப் படிப்பைப் பத்தி என்ன தெரியும்? லாரி சம்மர்ஸ் ஹார்வர்டுக்கு 2001ல வந்து 2006ல ராஜினாமா பண்ணிட்டுப் போனதைப் பாத்தோமே?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: சம்மர்ஸ் கதைய விடுங்க சார், அது ஊருக்கே தெரியும். 'கணக்கு'ன்னு ஒரு வார்த்தை போட்டீங்க பாருங்க, அதைத் தாண்டி என்னால போக முடியல. எனக்கு ஒரு அம்மாதான் ஞாபகம் வந்தாங்க. பென்சில்வேனியாவுல தொப்பி தைக்கிற வேலை, படிச்சது ஆறாவது வரைக்கும். பொறக்கப்போற புள்ளைங்களோட காலேஜ் செலவுக்குக் காசு சேத்து முடிக்கிற வரைக்கும் கல்யாணம் பண்ணிக்க மாட்டேன்னு நின்னவங்க. புருஷன் வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடியே, புள்ள பொறக்குறதுக்கு முன்னாடியே, ஒவ்வொரு தொப்பியா தச்சு ஃபீஸ் எடுத்து வச்சிருக்காங்க. அதுவும் ரூபா பைசா கணக்குதானே?

அந்தம்மாவுக்கு 1911ல பொறந்த பையன்தான் கிளார்க் கெர், பின்னாடி யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியாவுக்கே பிரசிடென்ட் ஆனவர். அப்பாவுக்கு ஆப்பிள் தோட்டம். பையன் பொருளாதாரம் படிச்சான், அதுவும் பங்குச் சந்தைப் பொருளாதாரம் இல்ல, கூலிக்காரன் பொருளாதாரம். 1930கள்ல ஊரே வேலையில்லாம கெடந்த காலம், கலிஃபோர்னியாவுல 1933ல பருத்தி எடுக்குற கூலிக்காரங்க ஸ்ட்ரைக் பண்ணப்போ வயக்காட்டுக்கே போய் அவங்களைப் பாத்து எழுதினார், அப்புறம் வேலையில்லாதவங்க ஒண்ணு சேந்து நடத்தின கூட்டுறவு சங்கங்களைப் பத்தி ஆராய்ச்சி பண்ணி 1939ல யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியாவோட பெர்க்லி வளாகத்துல டாக்டர் பட்டம். அதுக்கப்புறம் தொழிலாளி முதலாளி தகராறுல பஞ்சாயத்து பண்றதுதான் வேலை, துறைமுகத் தொழிலாளிங்க தகராறு உட்பட நூத்துக்கணக்குல தீத்து வச்சிருக்கார். ரெண்டு பக்கமும் கத்துறதைப் பொறுமையா கேக்குற பழக்கம் அங்க வந்ததுதான்.

1949ல பெர்க்லி வாத்தியாருங்க எல்லாம் கம்யூனிஸ்ட் இல்லன்னு சத்தியம் எழுதிக் குடுக்கணும்னு ஒரு உத்தரவு வந்துச்சு. இவர் கையெழுத்துப் போட்டார், அதை மறைக்க வேணாம், ஆனா போட மாட்டேன்னவங்களை வேலைய விட்டு எடுக்காதீங்கன்னு யுனிவர்சிட்டிய நிர்வாகம் பண்ற போர்டு முன்னாடி நின்னு வாதாடினார். 31 பேரை எடுத்துட்டாங்க. வாத்தியாருங்க அந்த வாதத்தை மறக்கல, 1952ல பெர்க்லிக்கு சான்ஸ்லர் ஆயிட்டார். (நம்ம ஊர்ல வேந்தர்னா எல்லாத்துக்கும் மேல, அங்க சான்ஸ்லர்ங்கிறது ஒரு வளாகத்துக்குத் தலைவர், எல்லா வளாகத்துக்கும் மேல இருக்கிறவர்தான் பிரசிடென்ட்.) 1958ல அந்த பிரசிடென்ட் நாற்காலியும் வந்துச்சு.

இப்ப கணக்குக்கு வரேன். போருக்கப்புறம் பொறந்த புள்ளைங்க எல்லாம் மொத்தமா காலேஜ் வாசலுக்கு வரப்போகுது, இடம் எங்க? 1960ல கலிஃபோர்னியாவுல மாஸ்டர் பிளான்னு ஒண்ணு போட்டாங்க, முன்னால நின்னு நடத்தினது கெர். ஸ்கூல் முடிக்கிறவங்கள்ல மேல இருக்கிற 12.5 சதவீதத்துக்கு யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியாவுல இடம், மேல இருக்கிற மூணுல ஒரு பங்குக்கு ஸ்டேட் காலேஜ்ல இடம், மிச்ச எல்லாருக்கும், எல்லாருக்கும்னா எல்லாருக்கும், ரெண்டு வருஷ கம்யூனிட்டி காலேஜ் தொறந்திருக்கும். அங்க நல்லா படிச்சா மூணாவது வருஷம் பெர்க்லிக்கே மாறிக்கலாம். அப்படி வர்றவங்களுக்கு இடம் இல்லாம போயிடக் கூடாதுன்னு, யுனிவர்சிட்டியில முதல் ரெண்டு வருஷத்துல 40 பேர் இருந்தா மேல் ரெண்டு வருஷத்துல 60 பேர் இருக்கணும்னு ஒரு விகிதம். டியூஷன் ஃபீஸ் கிடையாது. பதினெட்டு வயசுல மார்க் போச்சுன்னா வாழ்க்கையே போச்சுன்னு சொல்லாத ஒரு ஏற்பாடு, இதைப் போட்டது நீங்க சொல்ற கணக்குக்காரர்.

ஓசியில படிச்சா படிப்போட மதிப்பு தெரியாதுன்னு இந்தப் பக்கத்துக்கு வருஷா வருஷம் எழுதுற அன்பர் ஒருத்தர் இருக்கார், அவருக்கும் சேத்துத்தான் இதைச் சொல்றேன். மதிப்பு தெரியாமலா சார் அந்த ஊர் அப்படி வளந்துச்சு?

கெர் சிரிக்கச் சிரிக்கப் பேசுற ஆளு. யுனிவர்சிட்டி தலைவருக்கு மூணு தலைவலிதான், பசங்களுக்கு செக்ஸ், பழைய மாணவர்களுக்கு விளையாட்டு, வாத்தியாருங்களுக்கு பார்க்கிங்னு சொல்லுவார். பெர்க்லில இந்த பார்க்கிங் சமாச்சாரம் எவ்வளவு பெருசுன்னா, நோபல் பரிசு வாங்கினவங்களுக்குத் தனியா 'என்.எல்'னு (நோபல் லாரியட்) போர்டு வச்சு வண்டி நிறுத்த இடம் ஒதுக்கிக் குடுக்கிறாங்க. வளாகத்துக்குள்ள அதை விடப் பெரிய மரியாதை இல்லன்னு அங்க இருக்கிறவங்களே சொல்லுவாங்க. நோபல் பரிசுக்காரருக்கு அந்த நாட்டுல தேரும் யானையும் கிடையாது, வண்டி நிறுத்த ஒரு இடம், அதுல அவ்வளவு சந்தோஷம். எனக்கு இது ரொம்பப் பிடிச்ச விஷயம்.

சரி, அவர் கணக்கு தப்பின எடமும் இருக்கு, அதையும் சொல்லணும். 1964ல பெர்க்லி வளாக வாசல்ல மேஜை போட்டு அரசியல் பேசக் கூடாதுன்னு பசங்களுக்குத் தடை போட்டுட்டாங்க. அக்டோபர் 1ஆம் தேதி ஒருத்தரைக் கைது பண்ணி போலீஸ் கார்ல ஏத்தினா, பசங்க காரைச் சுத்தி உக்காந்துட்டாங்க, 32 மணி நேரம். மரியோ சாவியோங்கிற மாணவர் அந்தக் கார் மேல ஏறிப் பேசினார், ஏறுறதுக்கு முன்னாடி ஷூவைக் கழட்டி வச்சுட்டுத்தான் ஏறினார். அப்பெல்லாம் பசங்களோட விவரத்தை ஓட்டை போட்ட கம்ப்யூட்டர் அட்டையில வச்சிருப்பாங்க, அட்டைய மடிக்காதே கிழிக்காதேன்னு எழுதியிருக்கும், பசங்க அதையே எடுத்து "நான் ஒரு மாணவன், என்னை மடிக்காதே, கிழிக்காதே"ன்னு எழுதி மாட்டிக்கிட்டு நின்னாங்க. எனக்கு வயித்தைக் கலக்குறது என்னன்னா, பெரிய யுனிவர்சிட்டியில பசங்களை யாரும் கண்டுக்கிறதில்ல, அவங்க கோவப்படப் போறாங்கன்னு 1963லயே ஹார்வர்டு சொற்பொழிவுல கெர் சொல்லியிருக்கார். நோயைக் கண்டுபிடிச்ச ஆளு, நோயாளி தன் வீட்டு வாசல்ல வந்து நின்னப்போ அடையாளம் தெரியாம நின்னுட்டார். டிசம்பர்ல கட்டடத்துக்குள்ள உக்காந்த பசங்கள்ல கிட்டத்தட்ட 800 பேர் கைதானாங்க. இதுல நான் பசங்க பக்கம்தான், அன்னைக்கும் இன்னைக்கும் அதுதான் சரி.

ஆனா மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி. பசங்களை அடக்கத் தெரியாத ஆளுன்னு சொல்லியே ரொனால்ட் ரீகன் ஓட்டு கேட்டு கவர்னர் ஆனார், பதவியேத்து மூணு வாரம் ஆகல, 1967 ஜனவரி 20ல போர்டு 14க்கு 8னு ஓட்டுப் போட்டு கெரைத் தூக்கிடுச்சு. வரும்போது எப்படி வந்தேனோ அப்படியே போறேன், "ஃபயர்டு வித் என்துசியாசம்"னு சொல்லிட்டுப் போனார், அந்த 'ஃபயர்டு'க்கு நெஞ்சுல நெருப்போட வந்தேன்னும் அர்த்தம், வேலைய விட்டுத் தூக்கிட்டாங்கன்னும் அர்த்தம். அதுக்கு முன்னாடி ஜனாதிபதி ஜான்சன் அவரை மந்திரியாக்க நினைச்சப்போ, பொய்னு தெரிஞ்ச குற்றச்சாட்டுகளை எஃப்.பி.ஐ. அறிக்கையில சேத்து அனுப்பியிருக்கு, அது 2002லதான் பத்திரிகையில வெளிய வந்துச்சு, அப்ப மனுஷனுக்கு 91 வயசு.

அவர் போனதுக்கப்புறம் 1970ல 'எஜுகேஷனல் ஃபீ'ன்னு ஒண்ணைக் கொண்டுவந்தாங்க, டியூஷன்னு பேர் வைக்க வாய் வரல. அது ஏறிட்டே போய் இன்னைக்குப் புள்ளைங்க கடன் வாங்கிப் படிக்குது. கெர் சும்மா உக்காரல, உயர்கல்வியைப் பத்தி ஆராய்ச்சி பண்ண கார்னகி கமிஷனுக்குத் தலைவரா இருந்து, ஏழைப் புள்ளைங்க கையில நேரடியா உதவித்தொகை குடுங்கன்னு அறிக்கை மேல அறிக்கையா எழுதினார். 1972ல அமெரிக்க அரசாங்கமே அந்த மாதிரி ஒரு திட்டம் கொண்டுவந்துச்சு, அதுதான் இப்ப பெல் கிராண்ட், திருப்பிக் கட்ட வேண்டாத காசு. தொப்பி தைக்கிற அம்மா இல்லாத வீட்டுப் புள்ளைக்கும் காலேஜ் போக அந்தக் காசு இன்னைக்கும் போயிட்டிருக்கு.