டெலிகாம் துறையில் விசா ஸ்பான்சர்ஷிப் தரும் வேலைகளைத் தேடுவது எப்படி?

கேள்வி: இ.சி.இ. முடித்து ஆர்.எஃப். ஆப்டிமைசேஷனில் (மொபைல் சிக்னல் தரத்தைச் சீர்செய்யும் வேலை) 5 ஆண்டு அனுபவம் இருக்கிறது. ஐரோப்பா, பிரிட்டன் பக்கம் போக ஆசை. லிங்க்ட்இன்னில் "விசா ஸ்பான்சர்ஷிப்" என்று போட்டுத் தேடினால் உருப்படியாக எதுவும் வருவதில்லை. எங்கே தேடுவது?

அந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவதில்தான் கோளாறே இருக்கிறது. விசா தரத் தயாராக இருக்கும் நிறுவனங்களில் பல அதை விளம்பரத்தில் எழுதுவதில்லை. பெரிய எழுத்தில் எழுதுபவர்களில் கணிசமானோர் உங்கள் பணத்துக்குக் குறி வைப்பவர்கள். எனவே தலைகீழாகப் போங்கள்: அந்த நாட்டின் விசா விதியில் உங்கள் வேலை எந்த வகைக்குள் வருகிறது, அதற்குக் குறைந்தபட்சச் சம்பளம் எவ்வளவு, ஆள் எடுக்க நிறுவனத்துக்கு உரிமம் தேவையா என்ற மூன்றையும் தெரிந்துகொண்ட பிறகு வேலையைத் தேடுங்கள்.

ஜெர்மனியில் "ஸ்பான்சர் உரிமம்" என்ற ஒன்றே கிடையாது. சம்பள வரம்பைத் தொடுகிற ஒப்பந்தத்தை எந்த நிறுவனம் தந்தாலும் நீங்கள் ப்ளூ கார்டுக்கு (பட்டதாரி வல்லுநர்கள் அங்கே தங்கி வேலை செய்வதற்கான அனுமதி) விண்ணப்பிக்கலாம். அங்கே போய் ஸ்பான்சர்ஷிப் என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. 2026-க்கான பொது வரம்பு ஆண்டுக்கு 50,700 யூரோ. பொறியாளர், ஐ.டி. போன்ற பற்றாக்குறைத் தொழில்களுக்கு 45,934.20 யூரோ. டெலிகாம் பொறியாளருக்கு சர்வதேசத் தொழில் வகைப்பாட்டில் 2153 என்ற குறியீடு உண்டு. அது பொறியாளர்கள் அடங்கிய 21-ஆம் தொகுதியில் இருப்பதால் உங்களுக்குக் குறைந்த வரம்பே போதும். ஒப்பந்தம் குறைந்தது 6 மாதத்துக்கு இருக்க வேண்டும்.

அடுத்த தடை பட்டம். வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் அனாபின் என்ற ஜெர்மன் தரவுத்தளத்தில் இரண்டு விஷயத்தைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். பல்கலைக்கழகத்துக்கு 'எச் பிளஸ்' தரம், அதாவது அங்கீகாரம், இருக்க வேண்டும். பட்டமும் ஜெர்மன் பட்டத்துக்கு இணை என்று குறிக்கப்பட்டிருக்க வேண்டும். பலர் முதலாவதைப் பார்த்துவிட்டு இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். கல்லூரிப் பெயரைத் தேடிக் காணவில்லை என்று பதறவும் வேண்டாம். பட்டச் சான்றிதழ் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரில் இருக்கிறதோ அதை முதலில் தேடுங்கள். தரவுத்தளத்தில் தெளிவு கிடைக்காவிட்டால் சாப் என்ற அமைப்பிடம் ஒப்பீட்டுச் சான்று வாங்க வேண்டும். கட்டணம் 208 யூரோ. வேலை கிடைத்த பிறகு இதைத் தொடங்கினால் நிறுவனம் காத்திருக்காது. தேடலைத் தொடங்கும் வாரத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.

டிப்ளமோ மட்டும் இருப்பவர்களுக்கு ஒரு சந்து உண்டு. கடந்த 7 ஆண்டுக்குள் 3 ஆண்டு ஐ.டி. அனுபவம் இருந்தால் பட்டம் இல்லாமலே ப்ளூ கார்டு பெறலாம். ஆனால் அது ஐ.டி. வேலைக்குத்தான். ஐ.பி. நெட்வொர்க், கிளவுட் கோர் போன்ற மென்பொருள் சார்ந்த பக்கம் இருப்பவர் அதில் நுழைய முடியும். டவர் ஏறும் ரிக்கர் முடியாது.

மொழி பற்றி: மென்பொருள், ஆராய்ச்சிப் பிரிவுகளில் ஆங்கிலம் போதும். நோக்கியாவுக்கு உல்மிலும் எரிக்சனுக்கு ஆகன் நகருக்கு அருகிலும் அப்படிப்பட்ட பிரிவுகள் இருக்கின்றன. டவர் இருக்கும் சைட், புதுக் கருவிகளை நிறுவும் ரோல்அவுட், வாடிக்கையாளரோடு பேசும் வேலை என்றால் பி1-க்குக் (ஐரோப்பிய மொழித் தர அளவில் இடைநிலை) குறைவான ஜெர்மன் மொழியோடு விண்ணப்பிப்பது நேர விரயம்.

பிரிட்டன் இதற்கு நேரெதிர். அங்கே உரிமம் பெற்ற நிறுவனம் மட்டுமே ஆள் எடுக்க முடியும். உரிமதாரர்களின் முழுப் பட்டியலையும் அரசு இணையதளத்திலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அதை எக்செலில் திறந்து நான்கு விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது, பட்டியலில் இருப்பது நிறுவனத்தின் சட்டப்பூர்வப் பெயர். கடைப்பெயரைத் தேடினால் கிடைக்காமல் போகலாம். இரண்டாவது, நிறுவனத்துக்கு 'ஏ' தரம் இருக்க வேண்டும். மூன்றாவது, எந்த வழிக்கு உரிமம் என்ற பத்தி. அதில் 'ஸ்கில்டு வொர்க்கர்' இருந்தால்தான் வெளியாளான உங்களை எடுக்க முடியும். 'குளோபல் பிசினஸ் மொபிலிட்டி' மட்டும் இருந்தால் தங்கள் குழும ஊழியர்களை மாற்றிக்கொள்ள மட்டுமே உரிமை. நான்காவது, பட்டியலில் பெயர் இருப்பதாலேயே அங்கே காலியிடம் இருக்கிறது என்று ஆகாது. ஆகவே 50 நிறுவனங்களைப் பொறுக்கி எடுத்து, ஒவ்வொன்றின் வேலைவாய்ப்புப் பக்கத்துக்கும் நேரே போங்கள்.

2025 ஜூலை 22 முதல் விதி இறுகிவிட்டது. வேலை பட்டப்படிப்பு நிலையில் இருக்க வேண்டும். ஆண்டுச் சம்பளம் 41,700 பவுண்டு அல்லது அந்த வேலையின் பிரிட்டிஷ் தொழில் குறியீட்டுக்கு அரசு நிர்ணயித்த தொகை, இரண்டில் எது அதிகமோ அது. நெட்வொர்க் வல்லுநர்களின் குறியீடு 2137, இது தேறும். டெலிகாம் நிறுவுநர், பழுதுபார்ப்பவருக்கான 5242 பட்டப்படிப்பு நிலைக்குக் கீழே வருகிறது. ஃபைபர் ஸ்ப்ளைசிங் (ஃபைபர் கேபிளை இணைக்கும்) வேலைக்கு ஸ்பான்சர் தருவதாக யாராவது சொன்னால், அந்தக் குறியீடு இன்றைய தேதியில் தற்காலிகப் பற்றாக்குறைப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்காமல் அடுத்த அடி வைக்காதீர்கள். அந்தப் பட்டியல் வழியாகப் புதிதாகப் போகிறவர் குடும்பத்தைக் கூட்டிச்செல்லவும் முடியாது. 2026 ஜனவரி 8 முதல் ஆங்கிலத் தேர்ச்சி பி2 அளவில் (பி1-க்கு அடுத்த படி) கேட்கப்படுகிறது.

நாக் (நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் மையம்) வேலைக்குப் போகிறவர்கள் அதிகம் அடிபடும் இடம் சம்பளக் கணக்கு. 38,000 அடிப்படை, ஷிப்ட் படி 5,000, மொத்தம் 43,000 என்று விளம்பரம் இருக்கும். ஆனால் ஷிப்ட் படி, ஓவர்டைம், போனஸ் எதுவும் கணக்கில் வராது. உறுதியான அடிப்படைச் சம்பளம் மட்டுமே வரும். எனவே அது தேறாது.

இந்தத் துறையில் தினக்கூலி ஒப்பந்த விளம்பரங்கள் ஏராளம். அவற்றைப் பார்த்த உடனே தாண்டிவிடுங்கள். இன்னொரு நிறுவனத்தின் அன்றாட வேலைக்கு ஆள் அனுப்புவதற்காக ஸ்பான்சர் செய்ய பிரிட்டனில் அனுமதி இல்லை. 'எஸ்.சி. கிளியரன்ஸ்' (அரசின் பாதுகாப்புச் சோதனை அனுமதி) கேட்கும் வேலையும் அப்படியே. அதற்கு வழக்கமாக 5 ஆண்டு அந்நாட்டில் வசித்திருக்க வேண்டும்.

பலர் கண்ணில் படாத வழி ஒன்று, இங்கிருந்தே மாற்றலாகிப் போவது. நோக்கியா, எரிக்சன் இரண்டுமே சென்னையில் இருக்கின்றன. ஜெர்மனியின் குழும மாற்ற அட்டைக்கு அதே குழுமத்தில் 6 மாதம் பணி போதும். நிபுணர்கள் அதிகபட்சம் 3 ஆண்டு இருக்கலாம். பிரிட்டனில் பொதுவாக 12 மாதப் பணி தேவை, சம்பளம் 52,500 பவுண்டு. அந்த பிரிட்டன் விசா நிரந்தர வசிப்புரிமைக்கு இட்டுச் செல்லாது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ரெசூமேயில் "நெட்வொர்க் பிளானிங், ஆப்டிமைசேஷன்" என்று மொட்டையாக எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். எந்த நிறுவனக் கருவி, எத்தனை சைட், எந்த அலைவரிசை, சிக்னல் சோதனைக்குப் பயன்படுத்திய மென்பொருள் டெம்ஸா ஆக்டிக்ஸா, கால் டிராப் எவ்வளவிலிருந்து எவ்வளவாகக் குறைந்தது என்று எழுதுங்கள். ஜெர்மனியில் 3ஜி 2021-லேயே அணைந்துவிட்டது. அந்த அனுபவத்துக்கு ஒரு வரி போதும். ஹுவாவே அனுபவம் மட்டும் இருப்பவர் சோர்ந்துபோக வேண்டாம். பிரிட்டனில் 2027 இறுதிக்குள் 5ஜி-யிலிருந்து ஹுவாவே கருவிகளை எடுத்தாக வேண்டும். மாற்றும் வேலைக்குப் பழைய கருவியைத் தெரிந்தவரும் தேவை.

பண விஷயம். பிரிட்டனில் ஸ்பான்சர் சான்றிதழ் கட்டணத்தையும் திறன் வரியையும் நிறுவனமே கட்ட வேண்டும். உங்களிடம் வசூலிப்பது விதிமீறல். விசா கட்டணம், ஆண்டுக்கு 1,035 பவுண்டு சுகாதாரக் கட்டணம் இரண்டும், நிறுவனம் ஏற்காவிட்டால், உங்கள் தலையில். வளைகுடாவுக்கு ஏஜென்ட் வழியாகப் போகிறவர்கள் இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் ஏஜென்டின் பதிவு எண்ணைச் சரிபாருங்கள். சேவைக் கட்டண உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். "விசிட்டில் போங்க, அங்க போய் மாத்திக்கலாம்" என்பவரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள்.

பிரிட்டிஷ் நிறுவனத்தின் எச்.ஆர். முதல்முறை அழைக்கும்போதே இரண்டைக் கேட்டுவிடுங்கள்: இந்த வேலையை எந்தத் தொழில் குறியீட்டில் போடுகிறீர்கள், படிகள் போக அடிப்படைச் சம்பளம் எவ்வளவு. ஸ்பான்சர் செய்து பழக்கப்பட்ட நிறுவனம் அந்த அழைப்பிலேயோ ஓரிரு நாளிலோ பதில் சொல்லிவிடும்.