நகராட்சி சரி என்றது, சங்கம் முடியாது என்கிறது

கேள்வி: தனி வீடுகள் உள்ள குடியிருப்பு வளாகத்தில் இருக்கிறோம். பக்கவாட்டில் 5 அடி விட்டு ஓர் அறை கட்ட நகராட்சி அனுமதி கொடுத்துவிட்டது. வளாகச் சங்கமோ 10 அடி விட வேண்டும் என்று நிற்கிறது. அரசாங்கமே சரி என்ற பிறகு சங்கம் தடுக்க முடியுமா?

பதில்: பொதுவாக, முடியும். நகராட்சி பார்த்தது தன் விதியை மட்டும்தான். உங்கள் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை வரைபடத்தில் முத்திரை குத்துகிற அலுவலர் பெரும்பாலும் பார்ப்பதே இல்லை, அது அவர் வேலையும் இல்லை. நகராட்சி விதி சட்டம். வளாக விதி நீங்கள் வீடு வாங்கும்போதே ஒப்புக்கொண்ட ஒப்பந்தம். ஒன்று இன்னொன்றை அழிக்காது. எது கூடுதல் இடம் விடச் சொல்கிறதோ, அதுவரை தள்ளித்தான் கட்ட வேண்டும். உங்களுக்கு அது 10 அடி.

இது திருப்பியும் பொருந்தும். சங்கமே கைதட்டி ஒப்புதல் தந்தாலும் நகராட்சி விதியை மீறிக் கட்ட முடியாது.

அமெரிக்காவின் ஹூஸ்டனில், எந்தப் பகுதியில் வீடு, எந்தப் பகுதியில் கடை என்று பிரிக்கிற வழக்கமான நில மண்டலச் சட்டமே கிடையாது. அங்கே பத்திரக் கட்டுப்பாடுகள்தான் பெருமளவு அந்த வேலையைச் செய்கின்றன. மீறினால் நகராட்சியே வழக்குப் போடலாம். தனியார் விதிக்கு அவ்வளவு பலம் உண்டு. அதற்காகச் சங்கம் எதையும் எழுதிவிட முடியாது. இன்னாருக்கு வீடு விற்கக் கூடாது என்ற இனவாரிக் கட்டுப்பாடுகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1948-இல் தீர்ப்பளித்தது. சட்டம் நேரடியாகத் தலையிடும்போதுதான் வளாக விதி தோற்கும். வெறும் அனுமதிச் சீட்டு அப்படிப்பட்ட தலையீடு அல்ல.

சரி, இப்போது என்ன செய்வது? அந்த 10 அடி எங்கே எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பதிவான பத்திரத்திலா, போன வருடக் கமிட்டித் தீர்மானத்திலா? தீர்மானம் மட்டும்தான் என்றால், அதைப் போடக் கமிட்டிக்கு அதிகாரம் உண்டா என்று கேளுங்கள். அப்புறம், அக்கம்பக்கத்தில் ஏற்கெனவே யாராவது 5 அடியில் கட்டி, சங்கம் வாய் திறக்காமல் இருந்திருக்கிறதா? இருந்தால் புகைப்படம் எடுத்து வையுங்கள். வழக்கறிஞருக்கு அது நல்ல பிடி. விதிவிலக்கை எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். தலைவர் மாடிப்படியில் நின்று "பார்த்துக்கலாம்" என்றது கணக்கில் வராது.

அதுவரை அஸ்திவாரம் தோண்ட ஆள் விடாதீர்கள். எழுப்பிய சுவரை இடிக்கச் சொல்லி உத்தரவு வந்தால் அந்தச் செலவும் உங்கள் தலையில்தான்.