அமெரிக்க ராக் பாடகர் ஜிம் மாரிசன் சாகவில்லை என்று இன்னும் சிலர் நம்புவது ஏன்?

முக்கியக் காரணம், அவர் உடலைப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. 1971 ஜூலை 3, பாரிஸ். குளியல் தொட்டியில் கிடந்தவரைக் கண்டது காதலி பமீலா. இதயம் நின்றதாக எழுதினார்கள். பிரேதப் பரிசோதனை நடக்கவில்லை. அவர் பாடிவந்த 'தி டோர்ஸ்' இசைக்குழுவின் மேலாளர் வந்து சேர்ந்தபோது சவப்பெட்டி மூடியிருந்தது. ஜூலை 7 அடக்கம், கூடியவர்கள் ஐந்தாறு பேர். வயது 27.

அப்புறம், கதை கட்டும் பழக்கம் அவருக்கே உண்டு. கடற்படை அதிகாரியான அப்பா உயிரோடு இருக்க, பெற்றோர் செத்துவிட்டதாகச் சொன்னவர். கவிதை எழுதத்தான் பாரிஸ் போனார், குடி விடவில்லை. அதை வீரமாக்கிப் பேசுவதைக் கேட்டால் எனக்கு மனசு கனத்துவிடும்.

கேரள எல்லையிலுள்ள எங்கள் பாறசாலைப் பக்கம் அகாலமாய்ச் செத்தவரை மாடன் சாமியாக நிறுத்தி, சுருட்டும் சாராயமும் படைப்பார்கள். பாரிஸ் கல்லறையில் ரசிகர்கள் வைத்த சிகரெட்டையும் மதுப்புட்டியையும் படத்தில் பார்த்ததும், கரிபிடித்த அந்தப் பீடம்தான் கண்முன் வந்தது. எந்தக் கொலைக்கு நியாயம் கிடைக்கவில்லையோ, எந்த ஆயுசு பாதியில் அறுந்ததோ, அதற்குத்தானே நாமும் கதை பாடுகிறோம்? 1988இல் மாரிசன் கல்லறையிலிருந்து திருடுபோன மார்பளவுச் சிலை 2025இல்தான் கிடைத்தது.